தண்ணீர் பட்டதும் எழுந்தவள்

கணபதி, கோவை
8 ஜனவரி 2025

அன்புள்ள தங்கை மெர்சிக்கு,

கர்த்தர் கிருபையால் உன் அண்ணி முழுச் சுகம். நான் பாதிச் சுகம். மீதிப் பாதியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை காளிச்சாமியும் எப்படி இருக்கிறீர்கள்? மகள் பிரியா ஈரோட்டிலிருந்து வந்து போகிறாளா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் கேட்டால் "நல்லா இருக்கேனுங்ணா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி யார் கையிலும் தள்ளிவிட முடியாது, பார்.

புத்தாண்டு ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். சட்டைப் பைக்குள் ஓணான் மாட்டிக்கொண்டதுபோல நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். உட்கார்ந்தேன். துள்ளல் நிற்கவில்லை. டாக்டரிடம் போனோம். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, துடிப்பில் ஒழுங்கு இல்லை என்றார்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். இதயத்தின் மேல் அறை ஒரு வகுப்பு என்று வைத்துக்கொள். வாத்தியார் இல்லாத பீரியட். ஆளாளுக்குக் கத்துகிறார்கள். கீழே மணி அடிக்க நிற்கிறவருக்கு எந்தச் சத்தத்துக்கு அடிப்பது என்று தெரியவில்லை. இரண்டு அடிக்கிறார், விடுகிறார், நாலு அடிக்கிறார். என் நோய் அவ்வளவுதான். ஆனால் ரத்தம் தேங்கி உறைந்துவிடக் கூடாதாம். அதற்கு மாத்திரை, காலை எட்டுக்கும் மாலை எட்டுக்கும். உன் அண்ணி கையில் டம்ளரோடு வந்து நின்றுவிடுகிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். சின்ன வயதில் "நெஞ்சு ஓடுது" என்று சொல்லுவாயே. இப்போது எப்படி?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
பிரான்சிஸ்


சென்னிமலை
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு மெர்சி எழுதிக்கறது. நீங்களும் அண்ணியும் நல்லா இருக்கோணும்னு தெனமும் ஜெபம் பண்ணிக்கறேன்.

கடுதாசி வந்ததுங்க. தபால்காரரு, "ஏனுங் அம்மணி, கோர்ட்டு நோட்டீசுங்களா? இந்தக் காலத்துல கையில எழுதி யாருங்க அனுப்பறா?"ன்னு கேட்டுப்போட்டுத்தான் குடுத்தாரு.

நீங்க சொன்ன வகுப்புக் கதை நல்லாப் புரிஞ்சுதுங்க. எங்க ஸ்கூல்ல அஞ்சாவது வகுப்பு எப்பவும் அப்படித்தான். மாத்திரையைத் தப்பாமப் போடுங்க. அண்ணி பேச்சைக் கேளுங்க.

இங்க சத்துணவுக் கூடத்துல நூத்திப்பன்னெண்டு புள்ளைங்க. எங்கூட வேலை செய்யற பழனியாத்தாளுக்கு முழங்கால் நோவு. நான் சமைச்சு, அவ உக்காந்தபடிக்கே முட்டை உரிச்சுக் குடுப்பா. தைப்பூசம் வருதுங்களா, ஊரே கூட்டம். உங்க மாப்ள விரதம் இருக்கறாரு. "நீயும் ஒரு வருசமாச்சும் படியேறி வாயேன் புள்ளே"ங்கறாரு. எனக்கு அடுப்பு வேலை இருக்குதுங்கன்னு சொல்லிட்டேன். கல்யாணமாயி இருவத்தெட்டு வருசமா இதே பதில்தான். நான் வேதக்காரிங்கறதால மலைக்கு வர்றதில்லைன்னு அவரா நெனச்சுக்கிட்டாரு. அதுவும் நல்லதுக்குத்தானுங்க.

பிரியா பொங்கலுக்கு வந்துட்டுப் போனா. நல்லா இருக்கறா.

அடுப்பு கூப்புடுது, நிறுத்திக்கறேன்.

தங்கச்சி மெர்சி


கணபதி, கோவை
16 பிப்ரவரி 2025

அன்புள்ள மெர்சிக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். கோர்ட்டு நோட்டீஸுக்கு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு லேத் பட்டறைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் சுமார்தான். படியேறினால் இளைக்கிறது. இந்த மாதக் கடைசியில் ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து நெஞ்சில் மின்சாரம் வைப்பார்களாம். கத்துகிற வகுப்பில் ஹெட்மாஸ்டர் பிரம்பால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார் அல்லவா, எல்லாரும் ஒரே நொடியில் அடங்குவார்கள். அதுதான் சிகிச்சை. பயப்படாதே.

விடைத்தாள் திருத்திப் பழகியவன் நான். எழுதிய பதில்களைவிட விட்ட கேள்விதான் எனக்கு முதலில் கண்ணில் படும். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். தைப்பூசம், முட்டை, பழனியாத்தாள் முழங்கால் எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. அதற்கு மட்டும் வரவில்லை.

அதட்டிக் கேட்கவில்லை அம்மணி. அதட்டுகிற வயதெல்லாம் போய்விட்டது. மெதுவாக எழுது.

அன்புடன்,
அண்ணன் பிரான்சிஸ்


சென்னிமலை
24 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்குக் கரண்டு வைக்கறாங்கன்னு படிச்சதும் எனக்குச் சோறு எறங்கலீங்ணா. அதுக்கு முன்னாடி நான் சொல்றதை ஒருக்காச் செஞ்சு பாருங்க. நெஞ்சு ஓட ஆரம்பிச்சதும் நிக்காம அப்படியே குத்தவெச்சு உக்காந்துருங்க. மூச்சை இழுத்துப் புடிச்சு அடி வயித்தை முக்குங்க. அதுக்கும் கேக்கலீன்னா பச்சத் தண்ணியை மூஞ்சில ஓங்கி அடிங்க. பானைத் தண்ணின்னா இன்னும் நல்லது. டக்குனு சுவிட்சு போட்டாப்பல நின்னுரும். நாலு எண்ணறதுக்குள்ள நின்னுரும். அப்புறம் ஒரு ஓரமா உக்காந்து, அரிசி பொடைக்கற மாதிரி முறத்தைக் கையில வெச்சுக்கிட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

நீங்க கேட்ட பழசெல்லாம் எனக்கு நெனப்பில்லீங்ணா.

சாமி உங்களைக் காப்பாத்தும். கரண்டு வெச்சு முடிஞ்சதும் ஒரு வரி போடுங்க.

மெர்சி


கணபதி, கோவை
20 மார்ச் 2025

அன்புள்ள மெர்சிக்கு,

நான் பிழைத்துக் கிடக்கிறேன். முதலில் அதைத் தெரிந்துகொள். நீங்கள் எல்லாரும் சுகம்தானே?

மேசையில் தட்டியது பதினொரு நாள் பலித்தது. பிறகு வகுப்பு மறுபடி கத்த ஆரம்பித்துவிட்டது. இனி தொடையின் ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை இதயம் வரை கொண்டுபோய், கத்துகிற இடத்தைச் சுட்டு அடக்க வேண்டுமாம். ஏப்ரல் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். உன் தண்ணீர் வைத்தியத்தை டாக்டர் இஸ்மத்திடம் சொன்னேன். மகள் வயதுதான் இருக்கும் அந்தம்மாவுக்கு. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"இது உங்களுக்குக் கேக்காது சார். வேற ஒரு வகை இருக்கு, அதுக்குக் கேக்கும். யாரு சொன்னாங்க?"

"என் தங்கை."

"அவங்களுக்கு எத்தனை வருஷமா இருக்கு?"

அவரே விளக்கினார். சிலருக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஒரு குறுக்குப் பாதை இருக்குமாம். துடிப்பு அதில் நுழைந்து சுற்றிச் சுற்றி ஓடும். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் ஓங்கிப் பட்டால் ஒரு நரம்பு அதைப் பிடித்து நிறுத்தும். சட்டென்று நிற்கும். நான் கேட்டேன், "தண்ணி பட்டதும் ஒரு பிள்ளை எந்திரிச்சா, அது நடிப்பா இருக்காதா?"

"நடிப்பில்லைங்கறதுக்கு அதுதான் சார் அத்தாட்சி" என்றார்.

மெர்சி, உனக்கு நினைப்பில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இருக்கிறது. நான் எழுதிவிடுகிறேன்.

1986 ஆகஸ்ட். தொண்டாமுத்தூர்ப் பக்கம் நம் ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நான் அறிவியல் ஆசிரியர். நீ மூன்றாவது பெஞ்சு. வீட்டில் அண்ணன், பள்ளியில் சார் என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன். அப்பா தென்னந்தோப்பில் கூலிக்குப் போன அதே ஊரில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தங்கைக்குச் சலுகை காட்டினான் என்று ஒரு பேச்சு வந்தால், "இவிங்களை உக்கார வெச்சா இப்படித்தான்" என்று அடுத்த பேச்சு வந்துவிடும். அந்தப் பயத்தில், மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு மார்க் போடும் இடத்தில் உனக்கு அரை மார்க் போட்டேன். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

சுதந்திர தின ஓட்டப் பயிற்சி. டிரில் மாஸ்டர் லீவு, நான் நின்றேன். நீ லீவ் லெட்டர் கொண்டுவந்தாய். "உயர்திரு ஐயா" என்றுதான் தொடங்கியிருந்தாய். நான் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். நீ குரலைத் தாழ்த்தி, "அண்ணா, நெஞ்சு ஓடுதுங்ணா" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. "இங்க அண்ணன் இல்லை. சார். நடிக்காதே, ஓடு."

மூன்றாவது சுற்றில் வேப்பமரத்தடியில் விழுந்தாய். பானைத் தண்ணீரை மொண்டு உன் முகத்தில் அடித்தேன். உடனே கண் திறந்து எழுந்து நின்றாய். நான் மற்ற ஆசிரியர்களைத் திரும்பிப் பார்த்து, அவர்கள் கேட்க வேண்டும் என்றே சொன்னேன்: "பாத்தீங்களா, தண்ணி பட்டதும் எந்திரிச்சுட்டா." எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் முதல் நீ பள்ளிக்கு வரவில்லை. அப்பா தோப்பு வேலைக்கு உன்னைக் கூட்டிப்போனார். நான் தடுக்கவில்லை. அந்த வருடம் இதயம் என்ற பாடத்தைக் கலர் சாக்பீஸில் நான்கு அறைகள் வரைந்து நடத்தினேன். மூன்றாவது பெஞ்சில் உன் இடம் காலி.

இனி என் கேள்வியைத் திருத்திக் கேட்கிறேன். முப்பத்தொன்பது வருடமாக உன் நெஞ்சு ஓடிக்கொண்டிருக்கிறதா, மெர்சி? வந்து ஒருமுறை காட்டு. குறுக்குப் பாதையை அடைத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்கிறார் டாக்டர். அடைக்காமல் விட்டால், கொதிக்கும் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நீ விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் துணிச்சல் இல்லை.

அண்ணன்


கணபதி, கோவை
9 மே 2025

அன்புள்ள மெர்சிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஏழு வாரமாகப் பதில் இல்லை. மாப்பிள்ளை போனில் "எல்லாரும் சௌக்கியமுங்க மச்சான்" என்றார். நீ பேசவில்லை.

எனக்குச் சிகிச்சை முடிந்து பத்து நாள் ஆகிறது. தொடையில் ஊமைக்காயம் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. துடிப்பு இப்போது சீராகத்தான் போகிறது. மூன்று மாதம் முன்னே பின்னே இருக்கும், பொறுத்திருங்கள் என்றார்கள். பொறுத்திருப்பது எனக்குப் பழக்கம்தான், மாணவர்களிடம். உன்னிடம் மட்டும் அது எனக்கு வரவே இல்லை.

கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுது.

அண்ணன்


சென்னிமலை
1 ஜூன் 2025

அண்ணாவுக்கு,

உங்களுக்கு நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சு ஸ்தோத்திரம் பண்ணினேன். அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க.

மூணு தடவை எழுதிக் கிழிச்சுப்போட்டேன். நாளைக்கு ஸ்கூல் தொறக்குது. அப்புறம் நேரம் இருக்காது. அதனால இன்னைக்கு எழுதிப்போடறேன்.

ஓடுதுங்ணா. நிக்கவே இல்லை. மாசத்துல ரெண்டு, சில மாசம் ஏழு எட்டு. தண்ணி அடிச்சா நிக்கும்னு எனக்குக் கத்துக்குடுத்ததே நீங்கதான். அன்னைக்கு வேப்பமரத்தடியில நீங்க அடிச்சப்பத்தான் மொதல்ல நின்னுது. நீங்க அதை நடிப்புன்னீங்க. நான் அதை மருந்துன்னு எடுத்துக்கிட்டேன்.

யாருகிட்டயும் சொல்லலை. சொன்னா நடிக்கறாம்பாங்க. உங்களை நான் பொய் சொல்ற ஆளா நெனச்சதே இல்லீங்ணா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ரொம்ப நாள் நானே நம்பிட்டிருந்தேன். நெஞ்சு ஓடையில எல்லாம், நான்தான் என்னமோ பண்ணிக்கறேனாட்டம் இருக்குதுன்னு என்னையே திட்டி வஞ்சுக்குவேன்.

படியேற முடியாதுன்னு உங்க மாப்ளகிட்டச் சொல்லலை. அது போகட்டும். பிரியா கைப்புள்ளையா இருக்கையில ஒருக்கா இடுப்புல வெச்சுட்டு நிக்கறேன், ஓட ஆரம்பிச்சுப்போச்சு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்து சுவத்தைப் புடிச்சுட்டேன். அன்னையில இருந்து அவளை நான் தூக்கலை. கீழ போட்டுருவேனோன்னு பயம். அழுதா மாமியாகிட்டக் குடுத்துருவேன். பஸ்ஸுல போனா உங்க மாப்ளகிட்ட. அவ ஓடியாந்து கையை நீட்டுவா, நான் வேலை இருக்குது சாமின்னு உள்ள போயிருவேன்.

போன வருசம் ஏதோ பேச்சுல, "என்னை நீ தூக்கி நான் பாத்ததே இல்லம்மா, உனக்குப் பையன் வேணும்னு இருந்துச்சா?"ன்னு கேட்டா. சிரிச்சுட்டேதான் கேட்டா. நானும் சிரிச்சுப்போட்டேன்.

அவளுக்கு இப்ப இருவத்தாறு வயசுங்ணா. எந்த டாக்டரு வந்து என்ன பண்ணினாலும் இனி அவளைத் தூக்க முடியுமா?

நான் ஆஸ்பத்திரிக்கு வல்லைங்க. பழகிப்போச்சு. நீங்க ஒடம்பைப் பாத்துக்கங்க.

மெர்சி


கணபதி, கோவை
9 ஜூன் 2025

அன்புள்ள மெர்சிக்கு,

நான் சுகம். உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டவில்லை. அவளே எடுத்து வாசித்துவிட்டு அன்று எட்டு மணி டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

உதாரணம் தேடினேன், மெர்சி. எதற்கும் எனக்கு ஓர் உதாரணம் கிடைத்துவிடும். இதற்குக் கிடைக்கவில்லை. நாற்பது வருடம் போய்விட்டதை என்னால் திருத்த முடியாது. சிவப்பு மையில் அடித்ததை யாரும் அழிக்க முடியாது. அதன் மேல் தாள் ஒட்டினாலும் கீழே தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிரியாவிடம் சொல். எனக்காக இல்லை. அவள் தன்னை அம்மா விரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டே போய்விடக் கூடாது. நான் சொல்லட்டுமா? நீ வேண்டாம் என்றால் சொல்லமாட்டேன்.

நீ வருவதாக இருந்தால் நான் உன்னோடு டாக்டரிடம் வந்து, இத்தனை நாள் இவள் வராததற்கு நான்தான் காரணம் என்று சொல்கிறேன்.

அண்ணன்


சென்னிமலை
30 ஜூன் 2025

அண்ணாவுக்கு,

சௌக்கியம். கார்டுல எடமில்லை. பிரியாகிட்ட நானே சொல்லிப்போட்டேன். ஜூலை பதினாலு கோயமுத்தூருக்கு வாரோம். நீங்க ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாமுங்க. கோவமில்லை. நீங்க பக்கத்துல நின்னா எனக்குச் சொல்ல வராது.

மெர்சி


சென்னிமலை
27 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் மெர்சி எழுதிக்கறது. இங்க எல்லாரும் சுகம். நானும் சுகம். இந்தத் தடவை நெசமாலுமே எழுதறேன்.

அங்க வரைக்கும் வந்துட்டு ஊட்டுக்கு வராமப் போனதுக்கு அண்ணி கோவிச்சுக்க வேண்டாம். ரொம்ப அலையக் கூடாதுன்னு பிரியா கார் வெச்சு நேராக் கூட்டியாந்துட்டா. அண்ணி குடுத்தனுப்பின கஞ்சியும் பருப்புத் தொவையலும் தேவாமிர்தமா இருந்துச்சு.

மயக்கம் குடுக்கலீங்ணா, முழிச்சுட்டேதான் இருந்தேன். கம்பியை உள்ள உட்டுட்டு, இஸ்மத் டாக்டரு, "அம்மா, இப்ப நாங்களே ஓட விடப்போறோம், பயப்படாதீங்க"ன்னாங்க. வேணும்னே ஓட உட்டாங்க. எனக்குக் கை தண்ணியைத் தேடுச்சு. அந்தம்மா டிவி மாதிரி ஒரு பொட்டியைக் காட்டி, "பாருங்கம்மா, இதுதான். எவ்வளவு வேகமாப் போகுது பாருங்க"ன்னாங்க. கோடு கோடா ஓடுச்சு. ரூமுல இருந்த நாலு பேரும் அதையே பாத்துட்டு நின்னாங்க. இத்தனை வருசத்துல எனக்கு ஓடறதை இன்னொருத்தரு கண்ணால பாத்தது அன்னைக்குத்தானுங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. வலிக்குதான்னு கேட்டாங்க. இல்லைங்கன்னேன்.

ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு. ரெண்டே மணி நேரம்.

காலை மடக்காமப் படுத்திருக்கோணும்னாங்க. கட்டில் மாத்தையில பிரியா நர்ஸுகளை நகரச் சொல்லிப்போட்டு அவளே முதுகுக்கடியில கையைக் குடுத்துத் தூக்கினா. "கனமே இல்ல இந்தம்மா"ன்னா.

ஊட்டுக்கு வந்ததுல இருந்து நெஞ்சுல ஒரு சத்தமும் இல்லை. பழக்கமில்லாததால அப்பப்பக் கையை வெச்சுப் பாத்துக்கறேன். அடுத்த தைப்பூசத்துக்கு நானும் வாரேன்னு உங்க மாப்ளகிட்டச் சொன்னேன். "வேதம் மாறிட்டியா புள்ளே?"ன்னு கேட்டாரு. இல்லைங்க, படி ஏறிப் பாக்கோணும்னேன்.

நீங்க மாத்திரையைத் தப்பாதீங்ணா.

தங்கச்சி மெர்சி


கணபதி, கோவை
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மெர்சிக்கு,

உன் கடிதம் எங்களுக்குப் பெருநாள். அண்ணி மூன்று நாளாக அதைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். எனக்கும் இப்போது துடிப்பு நன்றாக இருக்கிறது. அடுத்த தைப்பூசத்தன்று படி அடிவாரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீ ஏறி இறங்கும்வரை காத்திருக்கிறேன், எத்தனை நேரமானாலும்.

நீ எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கஞ்சி வாங்க வந்த அன்று பிரியா சொன்னாள். கிண்டலாகத்தான் சொன்னாள். "ஏன்மா இத்தனை வருஷம் யாருகிட்டயும் காட்டலைன்னு டாக்டர் கேட்டாங்க மாமா. அம்மா, 'எங்கூருக்கு அந்தக் காலத்துல பஸ் வசதி இல்லீங்க டாக்டர்'னு சொல்லிட்டாங்க." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தூக்குப் பாத்திரத்தின் மூடியைச் சரியாகப் போட முடியாமல் நின்றிருந்தேன்.

நம் ஊருக்கு அப்போதே தினம் நாலு தடவை டவுன் பஸ் வந்தது, மெர்சி. பள்ளிக்கூட வாசலில்தான் நின்றது.

அண்ணன்